யார் எடுத்து வைத்தார்? கெர்னல் பாடத்தில் காணாமல் போன எழுவாய்



இந்த முறை விமர்சனத்துக்கு நான் எடுத்துக்கொண்டது கதையும் இல்லை, கவிதையும் இல்லை. இரண்டு கணினி நூல்கள். கூடவே, நம் மாணவர் கைக்கு வரும் பயிற்சித் தாள்களில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வகைத் தமிழ் வாக்கியம். "இது தமிழாசிரியருக்கு எதுக்குங்க?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். என் முதல் பட்டம் கணினியியல். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்த பிறகுதான் தமிழ் கற்பிக்க மலைக்கு வந்தேன். கியா பார்ம் பக்கமிருந்தும் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்தும் வரும் பிள்ளைகளில் சிலர் படிவம் நான்கில் கணினி அறிவியல் எடுக்கிறார்கள். அந்தப் பாடத்தைத் தமிழில் படிப்பதில்லை. தமிழில் அவர்கள் கணினியைப் பார்ப்பது என் வகுப்பில், கருத்துணர்தல் பகுதியாக. அந்த ஒரு பக்கம் மோசமாக இருந்தால், "தமிழ்ல சொன்னா புரியாது சார்" என்ற முடிவுக்கு அவர்கள் உடனே வந்துவிடுகிறார்கள். எனவே அந்த ஒரு பக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

வாக்கியம் இந்த மாதிரி இருக்கும்: பொறி ஏற்படும்போது பதிவகங்களின் மதிப்புகள் சேமிக்கப்படுகின்றன, பின்னர் அவை மீட்டெடுக்கப்படுகின்றன.

இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. சந்திகூட சரி. ஆனால் இதன் கீழ் ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள்: "சேமிப்பது யார்?" விடை வாக்கியத்தில் இல்லை. செயப்பாட்டு வினையை நாம் கற்பிக்கும்போது 'ஆல்' உருபு ஏற்ற எழுவாயையும் சேர்த்தே கற்பிக்கிறோம். கண்ணனால் பந்து வீசப்பட்டது. அந்த 'கண்ணனால்' விடுபட்டால் வீசியவர் மறைந்துபோவார். செய்தித்தாளில் அது பரவாயில்லை. 'சாலை மூடப்பட்டது' என்றால் மூடியவர் யார் என்பது முக்கியமில்லை. கெர்னல் பாடத்தில் அப்படி விட முடியாது. இங்கே யார் எதைச் சேமிக்கிறார் என்பதுதான் முழுப் பாடமே. எழுவாயை எடுத்துவிட்டால் சொல்வதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

விஷயம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் கணக்கெல்லாம் செயலிக்குள் இருக்கும் பதிவகங்கள் என்ற சிறிய இடங்களில் நடக்கிறது. (செயலி என்றால் இங்கே புரோசஸர். கைப்பேசியில் இறக்கும் செயலி அல்ல. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டு நாம் படும் பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.) ஓடும் நிரலை நிறுத்திவிட்டு, இயக்க அமைப்பின் நடுப்பகுதியான கெர்னல் உள்ளே வர வேண்டிய தருணங்கள் உண்டு. நிரலே கெர்னலிடம் உதவி கேட்கலாம். நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டுவிடலாம். விசைப்பலகையோ வட்டோ கூப்பிடலாம். மூன்றையும் சேர்த்து 'டிராப்' என்பார்கள். தமிழில் பொறி. எலிப்பொறி, ஐம்பொறி, தீப்பொறி, இயந்திரப் பொறி என்று ஏற்கெனவே நாலு வேலை பார்க்கும் சொல்லுக்கு ஐந்தாவது வேலை. நான் 'டிராப்' என்றே எழுதப்போகிறேன்.

'பதிவேடு' என்ற சொல்லும் புழங்குகிறது. எனக்கு அது ஆகாது. பதிவேடு என்றதும் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவேடு நினைவுக்கு வரும், எழுதினால் அப்படியே நிற்பது. இந்த இடமோ கண் மூடித் திறப்பதற்குள் ஆயிரம் தடவை அழித்து எழுதப்படுவது. "பதிவேட்டிலதான் ஏற்கெனவே பதிஞ்சாச்சே, அப்புறம் எதுக்கு சேமிக்கணும்?" என்று மாணவர் கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பதிவகம் பரவாயில்லை. அந்தச் சொல்லுக்கு முன்கூட்டிய படம் எதுவும் இல்லை.

இப்போது சிக்கலுக்கு வருவோம். கெர்னலும் ஒரு நிரல்தான். அதற்கென்று தனிப் பதிவகங்கள் பொதுவாக இல்லை. நிரல் பயன்படுத்திய அதே பதிவகங்களில்தான் அதுவும் வேலை செய்தாக வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது, நிறுத்தப்பட்ட நிரலுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியக் கூடாது.

இதை விளக்க எல்லாரும் சொல்லும் உவமை: புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறோம், கதவு தட்டப்படுகிறது, பக்க அடையாளம் வைத்துவிட்டுப் போகிறோம், திரும்பி வந்து தொடர்கிறோம். உவமை அழகாக இருக்கிறது, ஆனால் போதாது. பக்க அடையாளம் 'எந்த இடத்தில் நிறுத்தினோம்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளும். படிக்கும்போது மனத்தில் ஓடிக்கொண்டிருந்ததை யார் வைத்துக்கொள்வது?

நமக்கெல்லாம் தெரிந்த ரிலீஃப் வகுப்பை வைத்துச் சொல்கிறேன். கணித ஆசிரியர் பாதிப் பாடத்தில் வெளியே அழைக்கப்படுகிறார். வெண்பலகையில் 31 கட்டங்கள், எல்லாவற்றிலும் அவருடைய எண்கள். நீங்கள் ரிலீஃபுக்குப் போகிறீர்கள். உங்களுக்கும் அதே பலகைதான். அவர் திரும்பும்போது அவருடைய எண்கள் ஒன்று விடாமல் அதே கட்டங்களில் இருக்க வேண்டும். அப்படியானால் முதலில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சரிதானே? இங்கேதான் ஒரு விசித்திர நிபந்தனை. உங்களுக்கு மனப்பாடமாக எதையும் வைத்துக்கொள்ள முடியாது. நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைக்கூடப் பலகையின் ஒரு கட்டத்தில் எழுதினால்தான் உங்களால் நோட்டைத் தொட முடியும். கட்டங்களோ எல்லாம் நிரம்பியிருக்கின்றன. ஏதாவது ஒன்றை அழித்தால் அந்த எண் போனதுதான்.

செயலியின் நிலை அச்சாக இதுதான். நினைவகத்தில் எழுத ஒரு முகவரி வேண்டும். முகவரியைப் பிடிக்க ஒரு பதிவகம் வேண்டும். பதிவகங்கள் எல்லாமே அடுத்தவருடைய பொருளால் நிரம்பியிருக்கின்றன. சேமிக்கத் தொடங்குவதற்கே ஏதாவது ஒன்றை ஏற்கெனவே சேமித்திருக்க வேண்டும்!

முதல் நூல், ஜான் லயன்ஸ் எழுதிய யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் உரை. லயன்ஸ் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர். 1970களின் நடுவில், தம் மாணவர்களுக்காக, பத்தாயிரம் வரிக்கும் குறைவான அந்தக் கெர்னலை முழுவதுமாக வரி எண்ணிட்டு அச்சிட்டு, வரிவரியாக உரை எழுதினார். நம் மரபில் மூலமும் உரையும் எப்படியோ அப்படி. பரிமேலழகரையும் இளம்பூரணரையும் படித்துப் பழகிய நமக்கு இந்த வடிவம் அந்நியமே இல்லை. ஏழாம் பதிப்பின் உரிமத்தில் மூலநிரலை வகுப்பில் பயன்படுத்தத் தடை வந்த பிறகு, லயன்ஸின் நூல் ஒளிநகலுக்கு ஒளிநகலாகவே உலகம் சுற்றியது. முறையான நூலாக வந்தது 1996இல்.

உரையாசிரியராக லயன்ஸிடம் எனக்குப் பிடித்தது, அவர் செய்பவரை மறைப்பதில்லை. வன்பொருள் இதைச் செய்கிறது, இன்ன வரியில் நிரல் அதைச் செய்கிறது என்று பிரித்து வைப்பார். ஆனாலும் நான் மேலே சொன்ன முடிச்சு அவருடைய நூலில் பெரிதாகத் தெரியாது. குறை அவருடையது அல்ல, அவர் எடுத்துக்கொண்ட இயந்திரம் அப்படி. பிடிபி-11 கணினியில் கெர்னலுக்கென்று தனி அடுக்குச் சுட்டி இருந்தது. டிராப் வந்ததும் வன்பொருளே நின்ற இடத்தையும் நிலைச் சொல்லையும் கெர்னலின் அடுக்கில் தள்ளிவிடும். ரிலீஃப் ஆசிரியர் உள்ளே வரும்போதே மேசையில் நோட்டு திறந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகென்ன, வரிசையாக எழுத வேண்டியதுதான்.

அந்த யுனிக்ஸ் மூலத்தில் ஒரு புகழ்பெற்ற குறிப்பு உண்டு. லயன்ஸின் எண்ணின்படி 2238ஆம் வரி. ஒரு செயலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில், இது உங்களுக்குப் புரிய வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் எழுதியவர்கள் போட்ட குறிப்பு. பல ஆண்டு காலம் பலர் அதைத் திமிர் என்று படித்தார்கள். டென்னிஸ் ரிட்சி பின்னாளில் விளக்கினார்: 'இது தேர்வில் வராது' என்று ஆசிரியர் சொல்வாரே, அந்தத் தொனியில்தான் எழுதினார்களாம். அதைவிட முக்கியமான இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னார். அங்கே நடப்பது தங்களுக்கே சரியாகப் புரியவில்லை என்று. பதிவகங்களை எடுத்து வைத்து மீட்கும் அந்த முறை, பிடிபி-11இன் மொழிமாற்றி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிவகங்களைச் சேமித்ததால் மட்டும் ஓடியது. வேறு இயந்திரத்துக்குக் கொண்டுபோனபோது, எந்தப் பதிவகங்கள் சேமிக்கப்பட்டன என்பது இடத்துக்கு இடம் மாறியது, முறை உடைந்தது. 'தேர்வில் வராது' என்று நாம் தாண்டிப்போகும் இடங்களை நினைத்துக்கொண்டேன். வேறு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

இரண்டாவது நூல், எம்ஐடியின் எக்ஸ்வி6 பாடநூல். எழுதியவர்கள் ரஸ் காக்ஸ், ஃபிரான்ஸ் காஷூக், ராபர்ட் மோரிஸ். லயன்ஸ் படித்த அதே ஆறாம் பதிப்பை 2006இல் புதிய இயந்திரத்துக்குத் திருப்பி எழுதித் தொடங்கியது இந்த முயற்சி. 2019இல் ரிஸ்க்-5 என்ற திறந்த கட்டளைத் தொகுப்புக்கு மாற்றினார்கள். இலவசமாகவே கிடைக்கிறது. நான்காம் அதிகாரம் டிராப் பற்றியது.

ரிஸ்க்-5க்கு மாறியதுதான் இந்த நூலுக்குக் கிடைத்த பேறு. ஏனென்றால் ரிஸ்க்-5 வன்பொருள் மிகவும் கறாரானது. டிராப் வந்ததும் அது செய்வது கொஞ்சம்தான். நின்ற கட்டளையின் முகவரியை எஸ்இபிசி என்ற இடத்தில் வைக்கும். காரணத்தை ஓர் இடத்தில் குறிக்கும். முன்பு எந்த நிலையில் ஓடியது என்பதைக் குறித்துக்கொண்டு, அடுத்த குறுக்கீட்டைத் தற்காலிகமாக அடைத்து, கெர்னல் சொல்லி வைத்த முகவரிக்குத் தாவும். முடிந்தது. அடுக்கு மாறாது. நினைவகத்தின் பக்க அட்டவணை மாறாது. பொதுப் பதிவகங்களில் ஒன்றைக்கூட அது தொடாது. பக்க அடையாளம் மட்டும் வன்பொருளின் வேலை; மற்றதெல்லாம் கெர்னல் தலையில். சேமிக்க வேண்டியதை மென்பொருளே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்பது இதன் பின்னுள்ள எண்ணம். எல்லா டிராப்புக்கும் எல்லாவற்றையும் சேமிக்க வேண்டியதில்லை அல்லவா.

அப்படியானால் முதல் முடிச்சு? அதற்கு ரிஸ்க்-5 ஒரே ஒரு சின்ன உதவி செய்கிறது: எஸ்ஸ்கிராட்ச் என்ற தனி இடம். வகுப்பறைக் கதவில் தொங்கும் சிறு பை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு சீட்டுதான் அதில் கொள்ளும். எக்ஸ்வி6 கெர்னல் உள்ளே வந்ததும் செய்யும் முதல் வேலை, ஏ0 என்ற பதிவகத்தில் இருப்பதை அந்தப் பையில் போடுவது. இப்போது பலகையில் ஒரு கட்டம் காலி. அதில் நோட்டின் முகவரியை எழுதுகிறது. அந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு மற்ற 30ஐயும் நோட்டில் வரிசையாக எழுதுகிறது. நோட்டுக்கு டிராப்ஃபிரேம் என்று பெயர். ஒவ்வொரு பதிவகத்துக்கும் எட்டு பைட். அதன் பிறகு, ஏற்கெனவே நோட்டில் ஏறிவிட்ட டி0 என்ற பதிவகத்தின் வழியாகப் பையில் கிடந்த சீட்டை எடுத்து, ஏ0வுக்கு உரிய வரியிலும் எழுதிவிடுகிறது. மொத்தம் 31. 32 என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் ஒன்றில் எப்போதும் சுழியம்தான் இருக்கும், அதை எதற்குச் சேமிப்பது?

திரும்பும் வழி இன்னும் அழகு. 30 பதிவகங்களையும் நோட்டிலிருந்து பலகைக்கு ஏற்றியாயிற்று. ஏ0வில் இன்னும் நோட்டின் முகவரி இருக்கிறது. கடைசிக் கட்டளை, ஏ0வில் உள்ள முகவரியைக் கொண்டே ஏ0வின் பழைய மதிப்பை எடுத்து ஏ0விலேயே எழுதுகிறது. தான் ஏறி நின்ற ஏணியைத் தானே கடைசியாக இழுத்துவிடுகிற மாதிரி. வரிசை ஒன்று தப்பினாலும் நடக்காது. முதலில் வைத்தது கடைசியில் திரும்பும்.

இந்த இடத்தில் நூலாசிரியர்களைப் பாராட்டுகிறேன். பதிவகம் ஒன்றுகூடக் காலியில்லை என்ற தவிப்பை அவர்கள் வெளிப்படையாக எழுதுகிறார்கள். மாணவர் முதலில் முட்டிக்கொண்டால்தான் எஸ்ஸ்கிராட்ச் எதற்கு என்று புரியும். என் குறை வேறு: அதிகாரம் இந்த முடிச்சிலிருந்து தொடங்கவில்லை. பக்க அட்டவணை மாறும்போது கால் வைக்க இடம் வேண்டும் என்ற இன்னொரு சிக்கலை முதலில் வைத்து, அதற்குள் இதை நுழைக்கிறார்கள். புதிதாகப் படிப்பவர் இரண்டு மேடுகளை ஒரே மூச்சில் ஏற வேண்டியிருக்கிறது. நம்ம தாப்பா சாலை வளைவுபோல ஒன்று முடிவதற்குள் அடுத்தது. ஒன்றை முடித்து மூச்சு வாங்கவிட்டுப் பிறகு மற்றதைச் சொல்லியிருக்கலாம்.

இன்னொன்று. 'சேமித்து அப்படியே திருப்பித் தருவது' என்றே எல்லாரும் பேசுகிறோம். நிரல் உதவி கேட்டு வந்திருந்தால் அப்படி இல்லை. கெர்னல் தன் பதிலை நோட்டில் ஏ0வுக்கு உரிய வரியில் எழுதிவிடும். திரும்பும்போது பழைய ஏ0க்குப் பதில் அந்த விடை பலகையில் ஏறும். நின்ற இடத்தையும் நான்கு பைட் முன்னே தள்ளி வைக்கும்; இல்லாவிட்டால் நிரல் அதே உதவியை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே நோட்டு வெறும் சேமிப்பிடம் அல்ல, பதில் கடிதமும்கூட. 'மீட்டெடுக்கப்படுகின்றன' என்ற ஒற்றைச் சொல்லில் இது எங்கே இருக்கிறது?

ரிஸ்க்-5 எங்கோ கலிஃபோர்னியாவில் பிறந்த சங்கதிதானே என்று விட்டுவிடவும் முடியாது. சென்னை ஐஐடி உருவாக்கிய 'சக்தி' செயலிகள் இதே கட்டளைத் தொகுப்பைப் பின்பற்றுபவை. 2018இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் செய்த சக்தி சில்லில் லினக்ஸ் ஓடியது. லினக்ஸ் இந்தப் பையை இன்னும் சாமர்த்தியமாகக் கையாள்கிறது. நிரல் ஓடும்போது கெர்னலுக்கு வேண்டிய சுட்டி பையில் இருக்கும். கெர்னலே ஓடும்போது சுழியம் இருக்கும். டிராப் வந்ததும் ஒரு பதிவகத்தையும் பையையும் ஒரே கட்டளையில் இடம் மாற்றிக்கொள்ளும். கைக்குச் சுழியம் வந்தால், 'ஓ, நான் கெர்னலுக்குள் இருந்தே வந்திருக்கிறேன்' என்று தெரிந்துகொள்ளும். ஒரு சீட்டுக்கான இடம் இரண்டு கேள்விக்கு விடை சொல்கிறது.

எழுவாய் மட்டுமல்ல, 'எப்போது' என்பதும் அந்தச் செயப்பாட்டு வாக்கியத்தில் மறைந்துபோகிறது. பின்னக் கணக்குக்கான பெரிய பதிவகங்களைச் சேமிப்பது நேரம் பிடிக்கும். அதனால் பல இயக்க அமைப்புகள் அவற்றை உடனே எடுத்து வைக்காமல், அடுத்த நிரல் அவற்றைத் தொடும்வரை தள்ளிப்போட்டு வந்தன. சிக்கனம்தான். 2018 ஜூனில் வெளியான செய்தி: இன்டெல் செயலிகள் சிலவற்றில், அப்படி விட்டுவைத்த பழைய மதிப்புகளை அடுத்த நிரல் மறைமுகமாக ஊகித்துவிட முடியும். மறையாக்கச் சாவிகள்கூட அதே பதிவகங்களில் கிடக்கக்கூடும். 'சேமிக்கப்படுகின்றன' என்று எழுதிய எல்லாருமே உண்மையைத்தான் எழுதினார்கள். எப்போது என்று எழுதவில்லை, அவ்வளவுதான்.

செயப்பாட்டு வினையையே ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செய்பவர் ஒருவரே என்றால், அவர் யாரென்று ஏற்கெனவே தெரியும் என்றால், தாராளமாக எழுதலாம். இங்கே செய்பவர் இருவர். வன்பொருள் ஒன்றை வைக்கிறது, கெர்னல் 31ஐ வைக்கிறது. இரண்டையும் ஒரே 'படு'வுக்குள் அடைத்தால் பிள்ளைகள் எல்லாவற்றையும் ஏதோ ஒரு மாயக் கை செய்துவிடுவதாக நினைக்கிறார்கள். பிறகு பல்கலைக்கழகத்தில் அதே பாடம் ஆங்கிலத்தில் வரும்போது, "ஓ, இதுதானா!" என்று அங்கேதான் புரிகிறது. புகழ் ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறது. உண்மையில் வித்தியாசம் மொழியில் இல்லை. அங்கே வாக்கியத்தில் ஆள் இருந்தார்.

வகுப்பில் பயன்படுத்த விரும்புவோருக்கு நான் எழுதி வைத்திருக்கும் பகுதி இது. படிவம் நான்குக்குப் போதும்:

டிராப் வந்ததும் செயலி, நிரல் நின்ற முகவரியை எஸ்இபிசியில் வைத்துவிட்டுக் கெர்னலுக்குத் தாவுகிறது. பொதுப் பதிவகம் எதையும் அது தொடுவதில்லை. கெர்னல் முதலில் ஏ0வை எஸ்ஸ்கிராட்சில் ஒதுக்குகிறது. காலியான ஏ0வில் டிராப்ஃபிரேமின் முகவரியை எழுதுகிறது. பிறகு மற்ற 30 பதிவகங்களையும் அங்கே எழுதி வைக்கிறது. கடைசியாக, ஒதுக்கி வைத்த ஏ0வையும் அதனுடன் சேர்க்கிறது.

கேள்விகள் மூன்று போதும். செயலி செய்தது எது, கெர்னல் செய்தது எது என்று இரண்டு பட்டியல் போடச் சொல்லுங்கள். அடுத்து, முதல் வாக்கியத்தைச் செயப்பாட்டு வினைக்கு மாற்றச் சொல்லுங்கள், 'ஆல்' உருபை விடாமல். மூன்றாவது கொஞ்சம் கடினம். கணினி அறிவியல் எடுக்காத பிள்ளைகளும் வெண்பலகையில் கட்டம் போட்டுக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: எஸ்ஸ்கிராட்சில் கிடப்பதை எடுத்துவர கெர்னல் ஏன் டி0வைக் கடைசியில்தான் பயன்படுத்துகிறது, முதலிலேயே ஏன் பயன்படுத்தவில்லை?